மாலேக்கு ஒன்றரை மணித்தியாலம், தம்புள்ளையிலிருந்து எவ்வளவு?

"பிளேன் ஒன்றரை மணித்தியாலம்தானே நானா. இரவைக்கு லொறியில ஏத்தினா, விடிய அங்க கடையில இருக்கும்."

கலேவெலயைச் சேர்ந்த ஓர் இளம் வியாபாரி சில வருடங்களுக்கு முன்னர் என்னிடம் இப்படிச் சொன்னார். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மொத்த விலைக்கு மரக்கறி வாங்கி, மாலைதீவில் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவருக்கு விமானத்தில் அனுப்புவதே அவரது திட்டம். மனைவியின் நகையை அடகு வைத்து முதலைத் தேடிக்கொண்டார். பச்சை மிளகாய், போஞ்சி, கறிவேப்பிலை, பப்பாசி என்று முதல் சரக்கை ஏற்றினார்.

லொறி கட்டுநாயக்கவை அடைந்தபோது விமானம் புறப்படுவதற்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஆனால் சரக்கு ஏற்கும் நேரம் முடிந்துவிட்டிருந்தது. பொருட்கள் மறுநாள் விமானத்தில்தான் போயின. போய்ச் சேர்ந்தபோது கறிவேப்பிலை கறுத்திருந்தது. பப்பாசி கனிந்து உடைந்து, கீழே இருந்த போஞ்சியையும் நனைத்திருந்தது. பாதிக்கு மேல் குப்பைக்குச் சென்றது. இதில் யாரையும் குற்றஞ்சாட்ட முடியாது. விமானம் சரியான நேரத்துக்குத்தான் புறப்பட்டது. பிழை, அந்த இளைஞர் போட்ட கணக்கில் இருந்தது.

மாத்தளை மாவட்டத்தில் இன்று பலர் ஏற்றுமதியைப் பற்றிப் பேசுகிறார்கள். மரக்கறி, பழம், வாசனைத் திரவியம் என்று அனுப்புவதற்குப் பொருளும் இருக்கிறது. வளைகுடாவிலும் மாலைதீவிலும் வாங்குவதற்கு ஆளும் இருக்கிறது. ஆனால் விமானப் பயண நேரம் என்றால் என்ன, அதற்கும் தமது பொருள் பயணம் செய்யும் நேரத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. இவ்வாரம் அதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

வானத்துத் தூரம்

தரையில் ஓர் ஊருக்கு இரண்டு மூன்று பாதைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தூரம். விமான நிலையங்களுக்கிடையிலான தூரத்தைச் சொல்லும்போது பாதையைப் பார்ப்பதில்லை. பூமி உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள மிகக் குறுகிய வழியையே தூரமாகக் கொள்வார்கள். ஒரு தோடம்பழத்தில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அந்த நூல் எந்த வழியாகப் போகிறதோ, அதுவே அந்த வழி.

இந்த அளவின்படி கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்திலிருந்து சென்னை சுமார் 650 கிலோமீற்றர். மாலைதீவின் மாலே சுமார் 780 கிலோமீற்றர். துபாய் சுமார் 3,290, தோஹா சுமார் 3,610, ஜித்தா சுமார் 4,650 கிலோமீற்றர். விமானத்துறையினர் இவற்றைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். ஆகவே மாலே 420 கடல் மைல் என்று யாராவது சொன்னால் அதுவும் இதே தூரம்தான்.

விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் மேலெழ வேண்டும். பின்னர் திரும்ப வேண்டும். வான்வழிகளும் நூல் பிடித்தாற்போல் எப்போதும் நேராக இருப்பதில்லை. இறங்கும் இடத்தில் நெரிசல் என்றால் வானத்திலேயே வட்டமிட நேரிடும்.

தூரத்திலிருந்து நேரத்துக்கு

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தை எட்டிய பின்னர் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 850 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றன. ஆனால் முழுப் பயணத்தையும் அதே வேகத்தில் செல்வதில்லை. தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குச் செல்வது, மேலெழுவது, இறங்குவது எல்லாம் மெதுவாகவே நடக்கும். எனவே ஓர் இலகுவான சூத்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். தூரத்தை 850 ஆல் பிரியுங்கள். வரும் விடையுடன் அரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள்.

மாலேக்குப் போட்டுப் பார்ப்போம். 780 ஐ 850 ஆல் பிரித்தால் 55 நிமிடம். அரை மணித்தியாலம் கூட்டினால் ஒரு மணித்தியாலம் 25 நிமிடம். அட்டவணைகளில் வழக்கமாகக் காணும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு இது கிட்டத்தட்டச் சமம். துபாய்க்கு 4 மணித்தியாலம் 20 நிமிடம் அளவில் வரும். தோஹாவுக்கு நாலே முக்கால், ஜித்தாவுக்கு ஆறு மணித்தியாலம்.

ஆனால் துபாய்க்குப் போகும்போது எடுக்கும் நேரமும் வரும்போது எடுக்கும் நேரமும் ஒன்றல்ல. வெளிநாட்டில் தொழில் செய்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். அந்த உயரத்தில், குறிப்பாக வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான காற்று வீசுகிறது. மேற்கே போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. திரும்பி வரும் விமானத்துக்குப் பின்னிருந்து தள்ளிவிடும் காற்று. இதனால்தான் போகும்போது நாலரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் பயணம், வரும்போது நாலே கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அட்டவணையில் போட்டிருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்தியிருந்த இடத்திலிருந்து விமானம் அசையத் தொடங்கியதிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்கும் வரையான நேரம் அது. சிறிய தாமதங்களைச் சமாளிப்பதற்காக விமானக் கம்பனிகள் அதில் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு.

டிக்கட்டில் தெரியும் நேரம்

டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படும் நாட்டு நேரத்திலும், சேரும் நேரம் சேரும் நாட்டு நேரத்திலும் இருக்கும். இங்குதான் பலரும் தடுமாறுகிறார்கள். இலங்கை நேரம் கிறீன்விச் நேரத்தைவிட 5.30 மணித்தியாலம் முந்தியது. மாலைதீவு 5 மணித்தியாலம், துபாய் 4 மணித்தியாலம், சவூதி அரேபியா, கட்டார், குவைத் ஆகியன 3 மணித்தியாலம்.

காலை 10 மணிக்கு இங்கிருந்து புறப்பட்டு பிற்பகல் 1 மணிக்குத் துபாயில் இறங்குவதாக டிக்கட்டில் இருந்தால், பார்வைக்கு மூன்று மணித்தியாலம். உண்மையில் துபாயின் ஒரு மணி நமக்கு இரண்டரை மணி. ஆகவே பயணம் நாலரை மணித்தியாலம். திரும்பி வரும்போது இரவு 10 மணிக்குப் புறப்பட்டு அதிகாலை 3.45 க்கு இறங்கினால், பார்வைக்கு ஐந்தே முக்கால் மணித்தியாலம். உண்மையில் நாலே கால்தான்.

எழுபது, எண்பதுகளில் வளைகுடா சென்றவர்களும் பின்னர் சென்றவர்களும் இந்த வித்தியாசத்தைப் பற்றி வேறு வேறு கணக்குச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரு சாராரும் சொல்வது சரிதான். மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பதற்காக 1996 மே மாதத்தில் இலங்கை தனது நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை அடுத்து, மீண்டும் பழைய நேரத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட அந்தப் பத்து வருட காலத்தில் துபாய்க்கும் நமக்கும் இரண்டு மணித்தியால வித்தியாசம் இருந்தது. இப்போது ஒன்றரை மணித்தியாலம்.

நேரத்தைவிடத் திகதியில் ஏற்படும் பிழை பெருஞ் செலவை வைத்துவிடும். 15 ஆம் திகதி 00.40 என்று டிக்கட்டில் இருந்தால், அது 14 ஆம் திகதி நள்ளிரவு கழிந்து நாற்பது நிமிடம். மாத்தளையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வாகனத்தில் நாலு மணித்தியாலம், விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் என்று வைத்தால், 14 ஆம் திகதி மாலை 5.30 க்கு முன்னரே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். 15 ஆம் திகதி இரவு பெட்டியுடன் போய் நின்று, நேற்றே விமானம் போய்விட்டது என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய குடும்பங்கள் நம்மத்தியில் இருக்கின்றன. கடன்பட்டு எடுத்த டிக்கட்டு அப்படிப் போய்விடுகிறது. சரக்குக்கும் இதே விதிதான். நள்ளிரவு விமானத்துக்கு உரிய பொருட்கள் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.

தரையில் போகும் நேரம்

இப்போது நமது மாவட்டத்துக்கு வருவோம். தம்புள்ளையிலிருந்து கலேவெல, குருநாகல் ஊடாகக் கட்டுநாயக்கவுக்கு, எடுக்கும் பாதையைப் பொறுத்து, ஏறத்தாழ 130 முதல் 140 கிலோமீற்றர். மாத்தளை நகரிலிருந்து என்றால் சுமார் 120 கிலோமீற்றர். மாலேக்குள்ள தூரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். ஆனால் சுமை ஏற்றிய லொறிக்கு அந்த 130 கிலோமீற்றரைக் கடக்க மூன்றரை முதல் நாலரை மணித்தியாலம் செல்கிறது. 2022 ஜனவரியில் மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம - குருநாகல் பகுதி திறக்கப்பட்டதால் இடையில் சற்று ஆறுதல். குருநாகலுக்கு இப்பாலுள்ள பயணம் பழைய வீதியில்தான்.

இனி, தம்புள்ளையிலிருந்து மாலேக்குச் செல்லும் ஒரு பெட்டிப் பச்சை மிளகாயின் பயணத்தை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலை 7 மணிக்கு விமானம் புறப்படுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சரக்கு ஏற்பது நாலு மணித்தியாலத்துக்கு முன்னர் முடிவடைகிறது என்றால், அதிகாலை 3 மணிக்கு எல்லாம் கையளிக்கப்பட்டிருக்க வேண்டும். (இந்த நேரம் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். உங்கள் சரக்கு முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.) அதற்கு முன்னர் நிறுத்தல், சுங்கப் பத்திரம், தாவரச் சுகாதாரப் பரிசோதனை என்பவற்றுக்கு இரண்டு மணித்தியாலம். ஆகவே லொறி நள்ளிரவு 1 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வீதிக்கு நாலு மணித்தியாலம். டயர் போகலாம், மழை பெய்யலாம் என்பதற்காக இன்னுமொரு மணித்தியாலம். இரவு 8 மணிக்குத் தம்புள்ளையை விட வேண்டும். தெரிந்து, தரம்பிரித்து, பெட்டியிலிட்டு ஏற்றுவதற்கு மூன்று மணித்தியாலம். மாலை 5 மணிக்குப் பொருள் கையில் இருக்க வேண்டும். விவசாயி அதனைப் பறித்ததோ அன்று காலை 8 மணிக்கு.

விமானம் மாலைதீவு நேரப்படி காலை 8 மணிக்கு, அதாவது நமது நேரப்படி 8.30 க்கு இறங்குகிறது. அங்கும் சுங்கம், இறக்குதல், பரிசோதனை. விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்னும் வேறொரு தீவில். முன்னர் மாலேக்குப் படகில்தான் கொண்டு போக வேண்டும். 2018 ஆகஸ்டில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து லொறியிலேயே கொண்டு போகலாம். எப்படியும் நமது நேரப்படி முற்பகல் 11.30 க்குக் கடைக்குப் போய்ச் சேரும்.

பறித்ததிலிருந்து கடை வரை மொத்தம் இருபத்தேழரை மணித்தியாலம். அதில் விமானத்தில் இருந்த நேரம் ஒன்றரை மணித்தியாலம். நூற்றுக்கு ஐந்தரை வீதம். மிகுதி தொண்ணூற்று நாலரை வீதமும் தரையில். நம் இளைஞர் அந்த ஐந்தரை வீதத்தை மட்டும் வைத்துத்தான் தொழிலைத் தொடங்கினார்.

பறித்த பின்னும் மூச்சு விடும் பொருள்

மரக்கறி பறிக்கப்பட்ட பின்னரும் உயிருள்ளது. அது மூச்சு விடுகிறது, வெப்பத்தை வெளிவிடுகிறது, தன்னிடமுள்ள நீரையும் இனிப்பையும் செலவிடுகிறது. வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் கூடும்போது இந்தச் செலவு இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. இரண்டு மடங்கு என்றே வைத்தாலும், 35 பாகை வெயிலில் நாலு மணித்தியாலம் கிடந்த போஞ்சி, 15 பாகைக் குளிரில் பதினாறு மணித்தியாலம் இருந்த போஞ்சிக்குச் சமம். பகலில் படங்கு மூடிய லொறிக்குள் நாலு மணித்தியாலத்தில் நடப்பதை, எந்த வேகமான விமானத்தாலும் திருப்பித் தர முடியாது.

இலங்கையில் அறுவடைக்குப் பின்னர் வீணாகும் மரக்கறி, பழத்தின் அளவு 30 முதல் 40 வீதம் என்று விவசாயத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். சாக்கில் அமுக்கிக் கட்டுவதும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதும் இதற்கு முக்கிய காரணங்கள். 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசாங்கம் முயன்றபோது தம்புள்ளை உட்படப் பல இடங்களில் எதிர்ப்புக் கிளம்பியது நினைவிருக்கலாம். கூடையின் விலை, லொறியில் அது பிடிக்கும் இடம், வெறுங் கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு என்று வியாபாரிகளின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் விமானத்தில் அனுப்பும் பொருளுக்கு அந்த வாதம் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கூலி கொடுக்கிறோம். அழுகப்போகும் பொருளுக்கும் அதே கூலிதான்.

எல்லாவற்றையும் ஒரே குளிரில் வைக்கவும் முடியாது. இலை வகைகள் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வாழைப்பழத்தை 13 பாகைக்குக் கீழே கொண்டு போனால் தோல் கறுத்துவிடும். பழுக்கத் தொடங்கிய பப்பாசியும் வாழையும் வெளிவிடும் வாயு, பக்கத்திலுள்ள இலைகளை மஞ்சளாக்கிவிடும். கறிவேப்பிலையையும் பப்பாசியையும் ஒரே லொறியில் அடுக்கியதும் நம் இளைஞரின் நட்டத்துக்கு ஒரு காரணம்.

தம்புள்ளையில் 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் ஒன்று இந்திய உதவியுடன் அமைக்கப்பட்டு 2025 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. இத்தகைய வசதிகள் பக்கத்திலேயே வருவது நல்லதே. ஆயினும் களஞ்சியத்திலிருந்து விமானம் வரைக்கும் குளிர் அறுந்து போகாதிருந்தால்தான் முழுப் பலன்.

சீகிரியாவிலிருந்தே பறக்க முடியாதா?

வாசகர்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. நமது மாவட்டத்திலேயே ஒரு விமானத் தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை சீகிரியாவில் அமைத்த தளம் அது. அன்று இந்து சமுத்திரத்தின் மேல் நெடுந்தூரம் பறந்த லிபரேட்டர் விமானங்கள் அங்கிருந்து கிளம்பின. இன்று அது இலங்கை விமானப் படையின் பொறுப்பில் உள்ளது. 2013 இல் சேவையைத் தொடங்கிய சினமன் எயார் நிறுவனம், செஸ்னா கரவன் என்னும் சிறு விமானங்களில் சுற்றுலாப் பயணிகளைக் கட்டுநாயக்கவிலிருந்து சீகிரியாவுக்கு ஏற்றிச் சென்றது.

கட்டுநாயக்கவுக்கும் சீகிரியாவுக்கும் வான்வழித் தூரம் சுமார் 127 கிலோமீற்றர். அச்சிறு விமானம் மணித்தியாலத்துக்கு 300 கிலோமீற்றர் அளவில் செல்லும். இருபத்தைந்து நிமிடப் பறப்பு. ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணித்தியாலம் சொச்சம். லொறிக்கு நாலு மணித்தியாலம், விமானத்துக்கு அரை மணித்தியாலம்! கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த விமானம் சுமக்கக்கூடியது ஒரு தொன் அளவுதான். ஒரு சாதாரண லொறி அதைப்போல் மூன்று நாலு மடங்கைச் சுமக்கும். அத்துடன் பொருளைச் சீகிரியாவில் ஒரு தடவையும், கட்டுநாயக்கவில் மறுபடியும் இறக்கி ஏற்ற வேண்டும். கிலோ சில நூறு ரூபா பெறும் மரக்கறி அந்தச் செலவைத் தாங்காது. பெறுமதியான நேரத்தைக் காசு கொடுத்து வாங்கத் தயாராக உள்ள சுற்றுலாப் பயணிக்கு அது பொருத்தமான சேவை, பூசணிக்காய்க்கு அல்ல.

அப்படியானால் அங்கிருந்தே வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்பினால் என்ன? ஓடுபாதையை நீட்டலாம், கட்டடம் கட்டலாம். அயல் மாவட்டமான பொலன்னறுவையில் ஹிங்குரக்கொட விமான நிலையத்தைச் சர்வதேச நிலையமாக்குவது பற்றியும் அண்மைய வருடங்களில் பேசப்பட்டது. ஆனால் நமது மரக்கறியில் பெரும்பகுதி தனிச் சரக்கு விமானத்தில் போவதில்லை. பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில், பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் போகிறது. பயணி இல்லாவிட்டால் விமானம் வராது. விமானம் வராவிட்டால் அடிவயிறும் கிடையாது.

நமது மாத்தளையோடு பெயரில் பலரும் குழப்பிக்கொள்ளும் மத்தல விமான நிலையம் இதற்குச் சாட்சி. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட அதன் ஓடுபாதை 3,500 மீற்றர் நீளமானது. மிகப் பெரிய விமானமும் இறங்கலாம். ஆனால் எதிர்பார்த்தபடி விமானங்கள் வரவில்லை. 2015 இல் அங்குள்ள சரக்குக் களஞ்சியம் நெல் சேமிக்கப் பயன்பட்ட செய்தியும் நாடறிந்ததே. ஓடுபாதை மட்டும் வியாபாரத்தைக் கொண்டுவராது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கூலி தூரத்துக்கு மட்டுமல்ல

துபாய், மாலேயைவிட நாலு மடங்கு தூரம். ஆகவே கூலியும் நாலு மடங்காக இருக்கும் என்று எண்ண வேண்டாம். தூரம் எவ்வளவானாலும் ஏற்றி இறக்கும் செலவு ஒன்றுதான். ஒரு வழியில் எத்தனை விமானங்கள் ஓடுகின்றன, அவற்றில் எவ்வளவு இடம் வெறுமையாக இருக்கிறது என்பதும் கூலியைத் தீர்மானிக்கிறது. றமழானை அண்டிய நாட்களில் உணவுப் பொருளுக்குக் கேள்வி கூடும். இடம் கிடைப்பதும் கடினமாகும். முன்கூட்டியே இடத்தைப் பதிவு செய்துகொள்வது புத்தி.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் நிறை. விமானக் கம்பனி இரண்டு நிறைகளைப் பார்க்கும். ஒன்று தராசு காட்டும் நிறை. மற்றது பெட்டியின் பருமனுக்குரிய நிறை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000 ஆல் பிரித்தால் அது கிடைக்கும். இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கூலி.

60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 30 உயரமுள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 72,000, ஆறாயிரத்தால் பிரித்தால் 12 கிலோ. அதில் பச்சை மிளகாய் 14 கிலோ பிடித்தால் 14 கிலோவுக்குக் கூலி. கறிவேப்பிலை 6 கிலோதான் பிடிக்கும் என்றால், கட்டுவது 12 கிலோவுக்கு. கிலோவுக்கு 100 ரூபா என்று பேசிய கூலி, கறிவேப்பிலைக்கு 200 ரூபா ஆகிவிடுகிறது. விலை பேசும் முன்னர் வெறும் பெட்டியை அளந்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் விமானம் தேவையுமில்லை. மாத்தளையின் மிளகு, கராம்பு, சாதிக்காய் என்பன நன்றாகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில் இருக்கும். அவற்றுக்குக் கப்பலே பொருத்தம். நேரடிக் கப்பல் துபாய்க்குச் செல்ல ஒரு வாரம் எடுத்தாலும் மிளகு அழுகாது. கூலியோ மிகக் குறைவு. நாள் கடந்தால் பெறுமதி இழக்கும் பொருளுக்கு மட்டுமே வானத்தைத் தேடுங்கள்.

தொடங்கும் முன்னர்

இத்தொழிலில் இறங்க விரும்புவோர் விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறுவடையும் அந்தத் தாளின்படியே நடக்கட்டும். பொருளை வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வையுங்கள், இரவில் ஏற்றுங்கள். கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்பு சேவையின் சான்றிதழுக்கு என்னென்ன தேவை என்பதை முதல் சரக்குக்கு முன்னரே கேட்டறியுங்கள். ஒரு பூச்சி அகப்பட்டால் முழுப் பெட்டியும் நின்றுவிடும். விமானம் தவறினால் பொருளை எங்கே குளிரில் வைப்பது, யாருக்கு விற்பது என்பதற்கும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும். அடகு வைத்த காசை ஒரே சரக்கில் போட்டுவிட வேண்டாம். முதல் தடவை ஐந்து பெட்டி அனுப்பிப் பார்த்தால் ஐம்பது பெட்டியின் பாடத்தைப் படித்துக்கொள்ளலாம்.

நமது கலேவெல இளைஞர் தொழிலை விட்டுவிடவில்லை. ஊரில் மூன்று பேருடன் சேர்ந்து ஒரு லொறியைப் பேசிக்கொண்டார். மிளகாயும் போஞ்சியும் மட்டும் அனுப்பினார். சாக்கை விட்டுப் பெட்டிக்கு மாறினார். நகையை மீட்க ஒன்றரை வருடம் சென்றது. அண்மையில் சந்தித்தபோது, மாலேக்கு எவ்வளவு நேரம் என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"இருபத்தேழு மணித்தியாலம் நானா" என்றார், சிரித்துக்கொண்டே. "பிளேன்ட ஒன்றரையும் அதுக்குள்ளதான்."